ஒன்பதாம் படம் நனவான கதை

மாநகராட்சிக் கட்டடத்துக்கு நூறு வயது நிறைவதையொட்டி அதன் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தார்கள். நூறு வருடத்தில் இதுதான் முதல் முறை என்று சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். இடையில் ஒரு தடவை உடைந்த நாற்காலிகளை உள்ளே தள்ளுவதற்காகக் கதவைத் திறந்திருக்கிறார்கள். அந்த நாற்காலிகளுக்குப் பின்னால், ஒரு தகரக் குழாயில் சுருட்டி வைத்த பன்னிரண்டு வண்ணப் படங்கள் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்பு: 'நூறாண்டு கழித்து நம் நகரம்'. கட்டடத்தைத் திறந்தபோது ஓர் ஓவியரிடம் சொல்லி வாங்கியவை. ஓவியரின் பெயரை எலி தின்றிருந்தது.

படங்களை மேயரின் நீள மேசையில் விரித்தபோது அறையில் பேச்சு நின்றது. அந்த அறையில் பேச்சு நிற்பது சாமானியமான காரியம் அல்ல. மொட்டை மாடிகளிலிருந்து துடுப்பு வைத்த ஆகாயப் படகுகள் கிளம்பிக்கொண்டிருந்தன. தொப்பி போட்ட கனவான்கள் நகரும் நடைபாதையில் நின்றபடியே பேப்பர் படித்தார்கள். மழை நனைக்காமல் இருக்க நகரத்தின் மேல் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கவிழ்த்திருந்தார்கள். சிறகு கட்டிய தபால்காரர் நாலாவது மாடி ஜன்னலில் கடிதத்தை நீட்ட, சிறகு கட்டிய நாய் ஒன்று அவரைத் துரத்திக்கொண்டு வந்தது. இருட்டிலேயே கிடந்ததால் நிறங்கள் நேற்றுப் பூசியவை போல இருந்தன. வரைந்தவர் ஆகாயத்தில் ஓர் அடி கூடப் பறந்திருக்க மாட்டார். ஆனால் படகின் ஓரத்தில் ஒரு குழந்தையின் செருப்பு நழுவி விழப்போவதை வரைந்திருந்தார். அதைப் பார்த்த கோப்பு தூக்கும் பணியாள், பிடிப்பதற்குக் கையை நீட்டிவிட்டார்.

முதலில் தெளிந்தவர் மேயர்தான். நூறாண்டு கழித்து என்றால் இந்த வருடம் என்பதை அவர் கணக்குப் போட்டுவிட்டார். அப்படியானால் படத்தில் இருப்பது அவருடைய ஆட்சி. உடனே கண்காட்சி என்றார், விழா என்றார், 'அன்று கண்ட கனவு, இன்று நம் மேயர்' என்று தலைப்பும் அவரே கொடுத்தார். எத்தனை படங்கள் நனவாகியிருக்கின்றன என்று பார்க்க ஒரு கமிட்டி அமைந்தது. தலைவர், பூதக்கண்ணாடி இல்லாமல் சாப்பாட்டைக் கூடப் பார்க்காத சரித்திரப் பேராசிரியர். எதுவும் நனவாகவில்லை என்று அவர் எழுதிக் கொடுத்தார். நகரும் நடைபாதை மட்டும் ஒரு வணிக வளாகத்தில் இருக்கிறது, ஆனால் அது நகருவதில்லை.

மேயர் யோசித்துவிட்டு, விழாவுக்குள் ஒன்றையாவது நனவாக்குங்கள், எது மலிவோ அது, என்றார்.

அப்படித்தான் ஒன்பதாம் படம் தேர்வானது. ஒரு நதிக்கரை. கரையில் ஒரு மர பெஞ்சு. அதில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெஞ்சின் ஒரு பக்கம் விளக்குக் கம்பம். தூரத்தில் மணிக்கூண்டு, மணி நான்கு. வானத்தில் பறப்பது ஒரே ஒரு நாரை. அடியில் ஒரு குறிப்பு: 'எல்லா வேலையையும் இயந்திரங்கள் பார்த்துக்கொள்வதால், மாலையில் நகரத்தார்.' அந்த ஆறு பேரும் எதுவும் செய்யவில்லை. படிக்கவில்லை, தின்னவில்லை, ஒருவரை ஒருவர் புகழவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கமிட்டிக்கு முகம் மலர்ந்தது. ஒரு பெஞ்சு, ஒரு கம்பம், முடிந்தது வேலை.

வேலை டெம்பரரியிடம் வந்தது. அவர் இளநிலை இன்ஜினியர். தற்காலிகமாகச் சேர்ந்தவர் என்பதால் அலுவலகத்தில் அந்தப் பெயர். மூன்று மேயர்கள் நிரந்தரமாக வந்து நிரந்தரமாகப் போய்விட்டார்கள், டெம்பரரி மட்டும் அப்படியே இருந்தார். இந்த வருடத்தோடு அவருக்கு நீட்டிப்பு கிடையாது என்று ஏற்கெனவே பேச்சு அடிபட்டது. மேயர் அவரைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அதுவே பயமாக இருந்தது.

"படத்துல இருக்கிற மாதிரியே அச்சு அசலா நடந்துச்சுன்னா, மேடையிலேயே உங்க பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்துப் போடறேன். பேராசிரியர் பார்த்துச் சொல்வார். ஒண்ணு குறைஞ்சாலும், அடுத்த வருஷம் உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்மா."

டெம்பரரி படத்தின் நகலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டினார். கணவர் பஸ் டிரைவர். மதிய ஷிப்டுக்கு அவர் கிளம்பிய பிறகுதான் இவர் வருவார், இவர் தூங்கிய பிறகுதான் அவர் வருவார். கூடவே இருக்கும் நாத்தனார் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுல யாரு அண்ணி புருஷன் பொண்டாட்டி?"

ஓரத்தில் இருக்கும் இரண்டு பேராக இருக்கலாம் என்றார் டெம்பரரி.

"நீங்களும் அண்ணனும் இப்படி ஒண்ணா உக்கார்ந்து நான் பார்த்தது கல்யாண போட்டோவுலதான். அதுலயும் அண்ணன் எந்திரிக்கப் போற மாதிரியே இருக்காரு."

மலிவான படம் தன் குணத்தைக் காட்ட ஆரம்பித்தது மறுநாள்தான். முதலில் நதி இல்லை. அதாவது இருந்தது, நகரத்தின் ஓரமாக ஓடிய நீளச் சுவருக்குப் பின்னால். நாற்றம் தெரியக் கூடாது என்று எப்போதோ கட்டிய சுவர் அது. பிறகு வந்த ஒரு மேயர் 'நதியைக் காப்போம்' என்று எழுதி, சுவர் முழுக்க நீல நதியும் சிரிக்கும் மீன்களும் வரையச் செய்தார். ஒரு தலைமுறை முழுக்க நதி என்று பார்த்தது அந்தப் பெயிண்டைத்தான்.

மணிக்கூண்டுக் கடிகாரம் எப்போதோ நின்றிருந்தது. அதை ஓட வைப்பதைவிட நான்கில் நிறுத்தி வைப்பது சுலபம் என்று மெக்கானிக் சொன்னார். கமிட்டியும் ஏகமனதாக ஒப்புக்கொண்டது.

உட்கார ஆள் தேடியதுதான் பெரும் பாடு. மாலை நான்கு மணிக்குச் சும்மா இருக்கும் ஆறு பேர் வேண்டும் என்று டெம்பரரி தெருத்தெருவாகக் கேட்டார். ஓய்வு பெற்ற தலைமை குமாஸ்தா ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரிப் பெண்ணுக்கு டியூஷன், டியூஷன் வாத்தியாருக்கு இன்னொரு டியூஷன். ஒரு மளிகைக்காரர் மட்டும் நின்று கேட்டார்.

"உக்கார்ந்து என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம். தண்ணியைப் பார்க்கணும்."

"பார்த்து?"

மளிகைக்காரர் டெம்பரரியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு எடை போடத் திரும்பினார். ஓவியர் ஆகாயப் படகை ஒரு மாலையில் வரைந்திருப்பார், இந்தப் பெஞ்சை வரையத்தான் கை நடுங்கியிருக்கும் என்று அன்றைக்கு டெம்பரரிக்குத் தோன்றியது. பன்னிரண்டில் துணிச்சலான கற்பனை இதுதான்.

கடைசியில் உட்காருவதையும் டெண்டர் விட்டார்கள். மேயரின் மைத்துனர் எடுத்தார். அவர் ஒருவருக்குத்தான் மைத்துனர், ஆனால் ஊருக்கே மச்சான். ஆறு பேர் உட்காருவதற்கும், ஒரு விளக்குக் கம்பத்துக்கும், திறப்பு விழாத் திரைச்சீலைக்கும் சேர்த்து மச்சான் பொறுப்பு.

விழாவுக்கு முந்தின நாள் காலையில் சுவரை இடித்தார்கள். புல்டோசர் மீன்களின் சிரிப்பில் போய் முட்டியது. புழுதி எழுந்தது. மூக்கைப் பொத்திக்கொள்ள எல்லோரும் கைக்குட்டையோடு தயாராக இருந்தார்கள். புழுதி அடங்கியது.

சாக்கடையை எதிர்பார்த்து நின்றவர்கள் முன்னால் நதி போய்க்கொண்டிருந்தது. எதிர்க்கரை அவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. அங்கே மரங்கள் வளர்ந்து தண்ணீருக்குள் குனிந்திருந்தன. இந்தப் பக்கம் நாணல் ஆள் உயரம். கண்ணுக்கு எட்டிய அகலம் முழுவதும் தண்ணீர் ஒரே நிதானத்தில், சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அவ்வளவு பெரிய ஒன்று அவ்வளவு மெதுவாக நகர்வதைப் பார்த்தபோது, நிற்கும் தரைதான் நழுவுகிறதோ என்று டெம்பரரிக்குக் கால் கூசியது. சுவர் எழுந்த பிறகு நகரம் நதியை மறந்துபோயிருக்கிறது. மறந்த இடத்தில் யாரும் குப்பை கொட்டவில்லை, திட்டம் போடவில்லை, அடிக்கல் நாட்டவில்லை. நதி பிழைத்துக்கொண்டது.

புல்டோசர் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார்.

"மேடம், மிச்சத்தையும் தள்ளவா? இல்ல கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமா?"

இருக்கட்டும் என்றார் டெம்பரரி. கைக்குட்டைகள் ஒவ்வொன்றாகப் பைக்குள் போயின.

மத்தியானம் மச்சான் வந்து இடைவெளி முழுக்கத் திரைச்சீலை கட்டினார். அதில் மேயரின் முகம் நதியைவிட அகலமாக இருந்தது.

விழா அன்று மேடை, மாலைகள், ஒலிபெருக்கி எல்லாம் திரைக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் பெஞ்சு, டெம்பரரி, பூதக்கண்ணாடியோடு பேராசிரியர். மச்சான் அனுப்பியது ஐந்து பேர்தான். ஆறாவது ஆள் வழியில் இருக்கிறார், விளக்குக் கம்பமும் வழியில் இருக்கிறது, அநேகமாக இரண்டும் ஒன்றாகவே வரும் என்று போனில் சொன்னார். பேராசிரியர் பெஞ்சின் காலி இடத்தை லென்ஸ் வழியாகப் பார்த்தார். அதனால் அது நிரம்பிவிடவில்லை. வெளியே மேயர் வந்துவிட்டதை ஒலிபெருக்கி அறிவித்தது.

டெம்பரரி திரையின் ஓரத்தை விலக்கி வெளியே பார்த்தார். சாலைக்கு அப்பால் பஸ்கள் திரும்பும் இடம். அங்கே தன் பஸ்ஸை நிறுத்தி, அடுத்த நடைக்கு முன் முகம் கழுவிக்கொண்டிருந்தவர் அவருடைய கணவர்.

"கொஞ்சம் வாங்க, உக்காரணும்."

"பத்து நிமிஷத்துல வண்டி எடுக்கணுமே."

"அது போதும். என் வேலை இதுலதான் இருக்கு."

அவர் ஈர முகத்தோடு வந்து, ஓரத்துக் காலி இடத்தில் உட்கார்ந்து, நிமிர்ந்தார். பிறகு அவர் முகத்தைத் துடைக்கவும் மறந்துவிட்டார்.

திரை விழுந்தது. முதலில் மேயரின் நெற்றி மடங்கியது, பிறகு மூக்கு, பிறகு முகவாய். அதற்குப் பின்னால் நதி.

கூட்டத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்து நிறுத்திவிட்டார். மேடையில் மேயர் பேச்சுக் காகிதத்தைப் பிரித்து வைத்திருந்தார். 'பெருமக்களே' வரைக்கும் வந்தார். அப்புறம் படிகளில் இறங்கி, மாலையோடு, காலில் சேறு ஒட்டுவதைக் கவனிக்காமல் நடந்து, பெஞ்சுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

பேராசிரியர் படத்தைப் பார்த்தார், மேயரைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். விளக்குக் கம்பம் இருக்க வேண்டிய இடத்தில், அங்குலம் பிசகாமல், மேயர் நின்றிருந்தார். உயரம் கூடக் கிட்டத்தட்டச் சரி. ஆறு பேர், மணி நான்கு, நதி. தூரத்தில் நாணலிலிருந்து ஒரு நாரை எழும்பி, யாரிடமும் டெண்டர் எடுக்காமல், தண்ணீருக்கு மேல் தாழப் பறந்தது. பேராசிரியர் டெம்பரரியின் காதில், அச்சு அசல், கையெழுத்துப் போடப் போகிறேன் என்று கிசுகிசுத்துப் பேனாவைத் திறந்தார்.

மேயர் வெகு நேரம் நின்றார். சாயும் வெளிச்சம் தண்ணீரில் பட்டு, அவர் முகத்திலும் அசைந்தது. கடைசியில், யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"இது இங்கதான் இருந்துச்சா?"

அவர் கால் மாற்றி நிற்பதை டெம்பரரியின் கணவர் கவனித்தார். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில், பெஞ்சில் இருந்தவர்களிடம் சொன்னார்.

"கொஞ்சம் நகர்ந்துக்குங்க, பெரியவர் உக்காரட்டும்."

ஐந்து பேரும் நகர்ந்தார்கள். டெம்பரரியின் கையில் படத்தின் இன்னொரு நகல் இருந்தது. மேயர் உட்கார்ந்தால் கம்பம் போய்விடும், பெஞ்சில் ஏழு பேர் ஆகிவிடும். பேராசிரியரின் பேனா காகிதத்தைத் தொடாமல் நின்றது. ஐயா, நீங்கள் இன்னும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கையெழுத்து விழுந்துவிடும். மேயர் டெம்பரரியைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் அனுமதி கேட்கும் பையனின் முகம் அது.

"உக்காருங்க ஐயா," என்றார் டெம்பரரி.

மேயர் மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பேராசிரியர் பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்து அவரும் நாணல் ஓரத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார், லென்ஸ் இல்லாமல். மேடையில் ஒலிபெருக்கி தனியாக இரைந்துகொண்டிருந்தது. அன்றைய பஸ் தாமதமாகத்தான் கிளம்பியது. ஆனால் பயணிகள் புகார் செய்யவில்லை, அவர்களும் இறங்கிக் கரையில்தான் நின்றிருந்தார்கள்.

டெம்பரரி வீட்டுக்குப் போய்ப் படத்தைச் சுவரிலிருந்து கிழித்தார். 

ஒரு வாரம் கழித்துக் கோப்பு வந்தது. பேராசிரியரின் அறிக்கை: ஒன்பதாம் படம் நனவாகவில்லை, ஒரு நபர் அதிகம், ஒரு கம்பம் குறைவு. கீழே மேயரின் கையால்: 'பார்த்தேன். வேலை முடியவில்லை என்று தெரிகிறது. முடியும்வரை இந்த இன்ஜினியர் இருக்க வேண்டும். நிரந்தரமாக்குக. தினமும் மாலை மணிக்கூண்டில் நான்கு அடிக்கும்போது நேரில் போய்ப் பெஞ்சைப் பார்வையிட்டு, படத்தோடு ஒத்திருக்கிறதா என்று அறிக்கை தரவும். விளக்குக் கம்பத்துக்கு அவசரம் இல்லை.'

மணிக்கூண்டில் எந்நேரமும் நான்குதான். ஆனால் டெம்பரரி கைக்கடிகாரத்தைப் பார்த்தே போகிறார். அலுவலகத்தில் இன்னும் அந்தப் பெயரை மாற்றவில்லை. நான்கு மணிக்கு ஒரு பஸ் வந்து திரும்பி நிற்கிறது. ஈர முகத்தோடு ஒருவர் இறங்கி வந்து, ஏற்கெனவே ஐந்து பேர் இருக்கும் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் டெம்பரரிக்கு இடம் போட்டு வைக்கிறார். மளிகைக்காரர் எடைக்கல்லைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நாள் வந்தார், பார்த்து என்ன பண்ணணும் என்று பிறகு கேட்கவே இல்லை. அறிக்கை தினமும் தவறாமல் போகிறது: 'படத்தோடு ஒத்துவரவில்லை. பெஞ்சில் ஓர் ஆள் அதிகம்.'