பத்துக்கு எத்தனை

நான் சாரத்திலிருந்து விழுந்து பதினோரு வருடம் ஆகிறது. டைல்ஸ் ஒட்டுகிறவன் நான். ஒட்டிக்கொண்டிருந்தவன் என்று சொல்ல வேண்டும், நாக்கு இன்னும் பழகவில்லை. எலும்பு கூடிவிட்டது என்றார்கள். எலும்புக்குச் சந்தோஷம். இடுப்பிலிருந்து இடது கால் வரை ஓடும் நரம்பிடம் அந்தச் சேதியை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்த நரம்புக்கு ஒரு மாத்திரை உண்டு. காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. அது வலியை எடுத்துவிடாது. வலிக்கும் எனக்கும் நடுவில் ஒரு தடித்த போர்வையைத் தொங்கவிடும், அவ்வளவுதான். கோபம், பசி, சிரிப்பு எல்லாம் அந்தப் போர்வை வழியாகத்தான் வந்து சேரும். மகளுக்கு வேலை கிடைத்தபோது, இது நல்ல சேதி என்று எனக்கு நானே எடுத்துச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லாத காலத்தில் சுவரைப் பார்த்தபடி படுத்தே கிடந்தவன் நான்.

எங்கள் பக்கத்துக் கடைகளில் அது கிடைக்காது. நகரத்துப் பெரிய மருத்துவமனையில் வலிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பஸ்ஸில் நான்கு மணி நேரம். நான்கு மணி நேரம் உட்கார முடிகிறவனுக்கு மாத்திரை எதற்கு? யாரோ ஒரு புண்ணியவானுக்கு இது உறைத்திருக்க வேண்டும். ஒரு அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு நிதி ஒதுக்கி, ஒரு டாக்டரையும் ஒரு நர்ஸையும் வேனில் அனுப்பியது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை, புதன்கிழமை, நூலகத்துக்குப் பின்னாலிருக்கும் கூட்ட அறையில் எங்களைப் பார்ப்பார்கள்.

நர்ஸுக்கு நாங்கள் வைத்த பெயர் நம்பரம்மா. யார் உள்ளே போனாலும் "பத்துக்கு எத்தனை?" என்பாள். வலியே இல்லையென்றால் பூஜ்யம், உயிர் போனால் பத்து. முதல் நாள் நான் பன்னிரண்டு என்றேன். "பரீட்சையில கூட இப்படி வாங்கியிருக்க மாட்டீங்களேண்ணே" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டுப் பத்து என்று எழுதிக்கொண்டாள். அன்றைக்கே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

மூன்றாவது வருடக் கடைசியில், நிதியை நீட்டிக்கலாமா வேண்டாமா என்று பார்க்க அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வரப்போகிறார்கள் என்றாள் நம்பரம்மா.

"நடிக்கல்லாம் வேணாம். உள்ளதச் சொல்லுங்க. இந்த ரூம் இல்லன்னா உங்க பாடு என்ன ஆகும்னு அவங்களுக்குத் தெரியணும்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க கண்டிப்பா வரணும். இங்க உங்களுக்குத்தான் வாய் இருக்கு."

அன்று காலை சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டினேன். இரண்டு மணி நேரமாவது நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கும். வெளியாட்கள் முன்னால் நெளிந்துகொண்டும் முனகிக்கொண்டும் எப்படி இருப்பது? கிளம்பும்போது ஒன்றுக்கு இரண்டாக மாத்திரையைப் போட்டுக்கொண்டேன்.

"எதுக்குங்க ரெண்டு?" என்றாள் மனைவி.

"நாலு பேர் முன்னாடி மரியாதையா உக்கார வேணாமா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, கழுத்து வலிக்கார டெய்லரம்மாவும் இரண்டு. மூட்டுவலி வாத்தியார் ஒரு படி மேலே போய் மூன்று. யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அவரவர் வீட்டில் அவரவராக, ஒரே காரணத்துக்காக, ஒரே காரியத்தைச் செய்துவிட்டு வந்திருந்தோம். பத்தொன்பது பேரும் குரூப் போட்டோவுக்கு உட்கார்ந்தது போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தோம்.

வந்த மூவரில் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா என்னிடம் தன்மையாகத்தான் கேட்டார். "இப்போ, இந்த நிமிஷம், பத்துக்கு எத்தனைங்க?"

தேடிப் பார்த்தேன். பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கோ இருந்தது. "ரெண்டுங்க" என்றேன்.

"அண்ணே, மத்த நாள்ல எப்படி இருக்கும்னு சொல்லுங்க" என்று நம்பரம்மா எடுத்துக் கொடுத்தாள்.

சொல்லியிருக்கலாம். சாக்ஸ் மாட்டிவிட மனைவி வேண்டும் என்பதை, ஒரு தும்மலுக்குப் பயந்து மூக்கைப் பிடித்துக்கொள்வதை. அந்தம்மாவின் பேனா காத்திருந்தது. எனக்குக் கூச்சமாக இருந்தது. "பரவாயில்லைங்க. இவங்க எங்கள ரொம்ப நல்லா பாத்துக்கறாங்க" என்றேன். புகழ்ந்தால் விட்டுவைப்பார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பின்னால் வந்த எல்லோரும் அதையே சொன்னார்கள். அதிகாரியம்மாவுக்கு உள்ளபடியே சந்தோஷம்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இப்பகுதி நோயாளிகளின் நிலை வெகுவாக முன்னேறியிருப்பதால், தேவை அதிகமுள்ள வேறு பகுதிக்கு நிதி மாற்றப்படுகிறது. நம்பரம்மா அதை ஒரு முறைதான் படித்துக் காட்டினாள். எங்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட மாத்திரை விஷயத்தை விளக்கி அவள் எழுதிப் போட்டிருந்தாளாம். அடுத்த சுற்றில் விண்ணப்பியுங்கள் என்று பதில் வந்துவிட்டது. அடுத்த சுற்று எப்போது என்று அதில் இல்லை.

"நாங்களே கெடுத்துக்கிட்டோம்மா" என்றேன்.

பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "நீங்க எல்லாரும் ஒண்ணா நிமிந்து உக்காந்து அன்னைக்குத்தான்ணே பாத்தேன். பாக்க நல்லா இருந்துச்சு. அதான் நானும் அதுக்கு மேல பேசாம இருந்துட்டேன்" என்றாள். அழுதிருக்க வேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை.

கைவசம் இருந்தது தீர்ந்துகொண்டே வந்து, கடைசியில் இரண்டு மாத்திரை நின்றது. நகரத்து மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸுக்கென்று அதை எடுத்து வைத்திருந்தேன். மனைவி பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இதப் போட்டுட்டு டாக்டர் முன்னாடி போய் ராஜா மாதிரி உக்காரவா? ஒண்ணும் வேணாம். அப்படியே வாங்க."

முதல் ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கடைசி சீட்டில் இரண்டு பேர் எழுந்து இடம் கொடுத்தார்கள், குறுக்கே படுத்தேன். மூன்றாவது மணி நேரத்தில் ஒரு வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டது. கத்திவிட்டேன். டிரைவர் பஸ்ஸை ஓரங்கட்டினார், எல்லா முகமும் திரும்பியது. இந்தப் பதினோரு வருடத்தில் வெளியாள் காதில் விழ நான் கத்தியது அப்போதுதான். முதலில் வெட்கம் வந்தது, அது போகும் முன்பே ஆத்திரம் வந்தது. இந்த முகங்களில் ஒன்றே ஒன்று அந்தப் புதன்கிழமை எதிரில் இருந்திருக்கக் கூடாதா என்று பல்லைக் கடித்தேன். நான் உருண்டு விழாமல் என் சட்டைக் காலரை மனைவி பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெரிய மருத்துவமனை டாக்டர் சின்ன வயசுக்காரர். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, தானே கைகொடுத்துக் கட்டிலில் ஏற்றினார். காலைத் தொட்டார், நான் போட்ட சத்தத்தில் கையை எடுத்துக்கொண்டார்.

"இவ்வளவு வலிய வெச்சுக்கிட்டு இத்தனை நாளா என்ன பண்ணிட்டு இருந்தீங்க? யார்கிட்டயாவது வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

மனைவி ஏதோ சொல்லப் போனாள். நான் அவள் கையை அழுத்தினேன். முதலில் மருந்துச் சீட்டை எழுதி முடிக்கட்டும்.

எழுதி, முத்திரை குத்தி, அவளிடம் கொடுத்தார். "பதினஞ்சு நாளைக்கு எழுதியிருக்கேன். தீர்ந்ததும் இவரையே கூட்டிட்டு வாங்கம்மா. ஆளப் பாக்காம குடுக்க மாட்டோம்."