ஏரியைச் சுற்றி ஆறு மைல்

பேட்டரி அளவைக் காட்டும் பத்து விளக்குகளில் ஏழுதான் எரிந்தன. கோலெட் தன் மோட்டார் சக்கர நாற்காலியை அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். அப்போதும் ஏழுதான். கடைசி மூன்று பச்சை விளக்குகளில் ஒன்றுகூட இல்லை.

இரவு முழுக்க சார்ஜ் ஏறியிருந்தால் பத்தும் எரிய வேண்டும். படுக்கும்போது சார்ஜரைக் கட்டிலோரத்து பிளக்கில்தான் கணவன் நார்மன்ட் சொருகியிருந்தான். இப்போது அது குளியலறைக் கதவருகே வேறொரு பிளக்கில் இருந்தது. கோலெட் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தி, அங்கிருந்த சுவிட்சை முழங்கையால் தட்டினாள். கட்டிலோரத்து விளக்கு அணைந்தது. மறுபடி தட்டினாள், எரிந்தது.

பழைய மோட்டல்களில் இந்த வம்பு உண்டு. வாசல் சுவிட்சை அணைத்தால் கட்டிலோரத்து பிளக்குக்கும் கரண்ட் வராது. மோட்டார் நாற்காலியோடு ஊர் சுற்றுகிறவர்கள் ஒருமுறை பட்டுத் தெரிந்துகொள்வார்கள். பிறகு எந்த அறைக்குள் போனாலும் முதல் வேலை சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதுதான். இவர்கள் வீட்டில் அது நார்மன்டின் வேலை. முப்பத்துநாலு வருஷம் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். நேற்று மாலையும் தட்டிப் பார்த்தான். டக், டக் என்று இரண்டு சத்தம் அவள் காதில் விழுந்தது.

அப்படியென்றால் தெரிந்தேதான் அணைத்தானா?

வெளியே வேனின் சாய்தளத்தில் ஒட்டிக்கிடந்த ஈர இலைகளை நார்மன்ட் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தான். கிளம்பலாமா மகாராணி என்று குரல் கொடுத்தான். கோலெட் நாற்காலியைச் சாய்தளத்துக்கு ஓட்டினாள். சார்ஜ் ஏறவில்லை என்று சொன்னால் பயணம் அதோடு முடிந்தது. நாளை ஊருக்கு, லூயிஸ்டனுக்குத் திரும்ப வேண்டும். செவ்வாய்க்கிழமை நாற்காலி கம்பெனி ஆள் வந்துவிடுவான்.

அந்த ஆளால்தான் பத்து நாள் சண்டை. நரம்பு நோய் அவள் கால்களை வாங்கி ஒன்பது வருஷமாகிறது. இந்த வசந்தத்திலிருந்து வலது கையில் இரண்டு விரல்கள் சொன்னபடி கேட்பதில்லை. ஆகஸ்டில் சமையலறைக் கதவில் மோதி நிலையையே பெயர்த்துவிட்டாள். நார்மன்ட் அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கம்பெனிக்குப் போன் செய்து, நாற்காலியின் முதுகில் ஓட்டுவதற்கான இன்னொரு கைப்பிடிக்கு ஏற்பாடு செய்தான். அதை மாட்டிவிட்டால் பின்னால் நிற்பவர் ஓட்டலாம், உட்கார்ந்திருப்பவள் மூட்டையைப் போலப் போகலாம். கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். அக்கேடியா பூங்காவில் ஈகிள் ஏரியை ஆறு மைலும் அவளே ஓட்டிச் சுற்ற வேண்டும், நார்மன்ட் கை வைக்கக் கூடாது. சுற்றி முடித்தால் குளிர்காலம் தாண்டும்வரை அந்தக் கைப்பிடிப் பேச்சே எழக்கூடாது.

கிழக்குக் கரை சமதளம். பொடிக்கல் பாவிய குதிரைவண்டிப் பாதையில் சக்கரம் கரகரவென்று ஓடியது. மேப்பிள் மரங்கள் பாதி இலை உதிர்த்திருந்தன, தண்ணீரிலிருந்து வெட்டுவது போன்ற காற்று. கோலெட் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. கண் விளக்குகளிலேயே இருந்தது. இரண்டாவது மைலில் ஆறு, தெற்கு முனையில் ஐந்து. குளிர் பேட்டரியைத் தின்னும் என்பது அவளுக்குத் தெரியும். கால் சூடேற்றியையும் முதுகுச் சாய்வையும் தொடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு போனாள்.

நார்மன்ட் பத்தடி பின்னால் நடந்து வந்தான். வழக்கமாக வாய் ஓயாதவன் இன்று பறவைகளைக்கூடக் காட்டவில்லை. டோனட் வேண்டுமா என்று இரண்டு தடவை கேட்டான், அவ்வளவுதான்.

மேற்குக் கரையில் ஏற்றம் தொடங்கியது. மோட்டார் முனகியது. மூன்று விளக்குகள், எல்லாம் சிவப்பு. பிறகு இரண்டு. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது, நாற்பதடி இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் இறக்கம்தான். கடைசி விளக்கு மினுக்கத் தொடங்கி, ஐந்தாறு அடியில் நாற்காலி நின்றேவிட்டது.

நார்மன்ட் ஓடி வந்தான். தள்ளுவது நடக்கிற காரியமில்லை. நாற்காலியும் அவளுமாக இருநூற்றைம்பது கிலோ. சக்கரப் பூட்டை விடுவித்தால் பிரேக்கும் போய்விடும், பின்னோக்கி உருண்டு மரத்தில்தான் போய் நிற்கும். பூங்கா ரேஞ்சரைக் கூப்பிட அவன் போனை எடுத்தான்.

"அதைக் கீழ வை," என்றாள் கோலெட். "மோட்டல் பிளக்கு அணைஞ்சிடும்னு நேத்தே உனக்குத் தெரியுமில்ல?"

அவன் பாதையோரத்துக் கருங்கல்லில் உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தான்.

"தெரியும்."

"தெரிஞ்சே அணைச்ச."

"ஆமா. காலையில நீயே பாத்துட்டு, சரி வேண்டாம் விடுன்னு சொல்லிடுவேன்னு நெனச்சேன். தூக்கம் வரல. நாலு மணிக்கு எழுந்து பிளக்க மாத்திட்டேன்." தலையை நிமிர்த்தவில்லை. "கதவுல மோதினப்ப உன் தலை எவ்ளோ பக்கத்துல இருந்துச்சுன்னு நீ பாக்கல கோலெட். நான் பாத்தேன்."

"அத என்கிட்ட சொல்லியிருக்கலாமே. திருடன் மாதிரி சுவிட்ச அணைக்கிறதுக்குப் பதிலா."

நாயோடு வந்த ஒருவர் நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார். இந்தக் கிழவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள், புண்ணியமாகப் போகும் என்றாள் கோலெட். அவர் சிரித்தார். இவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நாயை இழுத்துக்கொண்டு நடந்தார்.

கொஞ்ச நேரம் சும்மா விட்டால் பேட்டரியில் மிச்சம் மீதி ஊறும். அது இருவருக்கும் தெரியும். ஐம்பது நிமிஷம் காத்திருந்தார்கள். நார்மன்ட் தன் கோட்டைக் கழற்றி அவள் காலில் போர்த்தினான். வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

நாற்காலியைப் போட்டபோது இரண்டு விளக்குகள் எரிந்தன. கோலெட் கையை ஓட்டும் கைப்பிடிக்குக் கொண்டுபோனாள். விரல்கள் வரவில்லை. குளிரில் விறைத்த கை, வேறு யாருடையதோ போல மடியிலேயே சரிந்து விழுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. அவன் பார்க்கிறான் என்பது தெரிந்தது.

"என் கையை எடுத்து அதுமேல வை," என்றாள்.

அவன் அவள் விரல்களைத் தன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, ஒவ்வொன்றாகக் கைப்பிடியில் மடித்து வைத்தான். வைத்த கையை எடுக்கவில்லை.

"எடு. நான் ஓட்டறேன்."

எடுத்தான். நாற்காலி ஆமை வேகத்தில் உச்சியைத் தாண்டியது. இறக்கத்தில் ஒரு விளக்கு கூடுதலாகவே எரிந்தது. வண்டி நிறுத்துமிடத்துப் பலகை மரங்களுக்கிடையே தெரிந்ததும் கோலெட் வேகத்தைக் குறைத்தாள். அவன் கை வைத்தாகிவிட்டது. சமாதானத்தின்படி தோற்றது அவள்தான்.

"செவ்வாய்க்கிழமை அந்த ஆள் வரட்டும்," என்றாள் அவள். "ஆனா யார் ஓட்டறதுன்னு மாத்துற சுவிட்ச் என் பக்கம் இருக்கணும். இடது கைக்கு எட்டுற மாதிரி."

"அத பின்னாடிதானே வெப்பாங்க."

"நீ எலக்ட்ரீஷியன்தானே. மாத்து."

நார்மன்ட் நாற்காலியின் இடது கைத்தாங்கியின் அடியில் விரலால் தடவி, வயர் எந்த வழியாக வரலாம் என்று பார்த்தபடியே கூட நடந்தான். அது முடியும் என்றான். கோலெட் அவன் பக்கம் திரும்பவில்லை. ஒரு சிவப்பு விளக்கு மறுபடி அணைந்தது. வேன் இன்னும் நூறடி தள்ளி நின்றது.