எட்டிலிருந்து ஆறு வரை வீட்டில் இருக்கவும்

டெக்னீஷியன் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு மணிக்குள் வருவார், வீட்டில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று குறுஞ்செய்தி வந்திருந்தது. பெரியவர் என்று இந்த வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான். கணவர் கப்பலில் இன்ஜினீயர். கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம்.

வீடு மாறிப் பதினோரு நாள் ஆகிறது. முகவரியை மாற்றிக் கொடுங்கள் என்று இன்டர்நெட் கம்பெனியிடம் சொன்னதுதான் நான் செய்த பாவம். பழைய வீட்டில் அன்றைக்கே துண்டித்தார்கள். புது வீட்டில் இன்னும் கொடுத்தபாடில்லை. செல்போனும் அதே கம்பெனி, அதே திட்டம் என்பதால் அதிலும் நெட் போய்விட்டது. பேச மட்டும் முடிகிறது. நூலகத்தில் நெட் இருக்கிறது. அதற்கு உறுப்பினர் அட்டை வேண்டும். அட்டைக்குப் புது முகவரி போட்ட பில் வேண்டும். அந்த பில்லை யார் கொடுப்பார்கள்? இன்டர்நெட் கம்பெனிதான். இங்கே வெளிநாட்டில் எல்லாம் சொன்ன நேரத்துக்கு நடக்கும் என்று ஊரில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் பீற்றிக்கொண்டவள் நான். எனக்கு நன்றாக வேண்டும்.

பேச முடிந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஊரில் தம்பியோடு இருக்கும் என் அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. பள்ளிக்கூடம் போய்ச் சைகை மொழி படித்தவளும் இல்லை. அவளும் அப்பாவும் நானும் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்ட கைப்பேச்சுதான் அவளுடைய பாஷை. அப்பா போன பிறகு அது முழுசாகத் தெரிந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்திதான். தம்பிக்குச் சாப்பாடு, தூக்கம், மாத்திரை, கோபம், அவ்வளவுதான் வரும். இப்போது சர்க்கரை வியாதியில் அம்மாவின் வலது கை ஆட்காட்டி விரலும் நடுவிரலும் கறுத்துவிட்டன. இரண்டையும் எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கையே போய்விடும் என்று நேற்றுதான் டாக்டர் சொன்னார்.

பத்தரைக்குத் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அம்மா கைநாட்டு வைக்க மாட்டேங்குறாங்க. பேப்பரைத் தள்ளிவிட்டுட்டுக் கன்னத்துல ரெண்டு தட்டு தட்டிக்கிட்டே இருக்காங்க."

கன்னத்தில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. அது என் பெயர். சின்ன வயதில் சோற்றை விழுங்காமல் கன்னத்திலேயே அடக்கி வைத்திருப்பேனாம். அப்படி வந்த பெயர்.

"நீ என்னன்னு சொன்ன?"

"கத்தரிக்கோல் மாதிரி காட்டினேன். எனக்கு வேற என்ன தெரியும்? உன் மணிக்குப் பன்னெண்டரைக்கு ஆபரேஷன் தியேட்டர் குடுத்திருக்காங்க. அதை விட்டா நாளன்னைக்குதானாம். டாக்டர் கத்துறாரு. நீ வீடியோவுல வந்து சொல்லுக்கா."

கடைத்தெருவுக்குப் பஸ்ஸில் இருபது நிமிடம். ஏதாவது ஒரு காபிக்கடையில் உட்கார்ந்தால் நெட் கிடைக்கும். செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போவோம் என்று கம்பெனிக்கு அடித்தேன். அங்கேதான் மாட்டினேன்.

"டெக்னீஷியன் உங்களுக்குப் பக்கத்துத் தெருவுலதாங்க இருக்காரு. அரை மணியில வந்துருவாரு," என்றாள் அங்கிருந்த பெண், அவள் பாஷையில், தேன் ஒழுகும் குரலில். "நீங்க இல்லேன்னா புகாரை முடிச்சுருவாங்க. திரும்பப் பதிவு பண்ணினா பன்னெண்டு நாள் ஆகும்."

விரல் போன பிறகு அம்மாவுக்கு வலிக்கிறதா, தாகமா என்று ஆஸ்பத்திரியில் யார் கேட்டுச் சொல்வார்கள்? அதற்கும் நான்தான் வேண்டும். பன்னிரண்டு நாள் என்னால் முடியாது. செருப்பைக் கழற்றிப் போட்டேன்.

அரை மணி போயிற்று. ஒரு மணி நேரமும் போயிற்று. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடந்தேன். பெல் சத்தம் கேட்காமல் போய்விடுமோ என்று குளியலறைக்குப் போகக்கூடப் பயம். கொஞ்ச நேரம் நெட் கேட்கலாம் என்று எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். சங்கிலி போட்ட சந்தில் ஒரு கண் என்னைப் பார்த்தது, கதவு சாத்திக்கொண்டது. கடைத்தெருவுக்குப் போயிருந்தால் இதற்குள் பேசிவிட்டே வந்திருக்கலாம். நாலு சுவருக்குள் என்னை யாரும் பூட்டி வைக்கவில்லை, கதவு திறந்துதான் இருந்தது, ஆனால் கால் நகரவில்லை.

மறுபடியும் கம்பெனிக்கு அடித்தேன். வரிசையில் ஒன்பதாவது ஆள் நான். ஒரே பாட்டு திரும்பத் திரும்ப ஓடியது. நடுநடுவே, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு குரல்.

"முக்கியம்னா எடுத்துத் தொலைங்களேன்!" என்று தமிழில் கத்தினேன். பாட்டு அதுபாட்டுக்கு ஓடியது.

பன்னிரண்டு மணிக்கு வரிசையில் இரண்டாவது ஆளாகியிருந்தேன். அப்போது போன் காதிலேயே அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் குறுஞ்செய்தி. 'எங்கள் டெக்னீஷியன் இரண்டு முறை அழைத்தார். உங்கள் லைன் பிஸியாக இருந்தது. நீங்கள் வீட்டில் இல்லாததால் புகார் முடிக்கப்பட்டது. நன்றி.'

அவர்களுடைய வரிசையில் நான் நின்றதால்தான் என் லைன் பிஸி. தலையில் அடித்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். நாலு மாடிக்குக் கீழே, கம்பெனி பெயர் எழுதிய வேன் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது.

படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. கையில் போனோடு வெறுங்காலில் போய், வேனை மறித்து இரண்டு கையையும் விரித்து நின்றேன்.

தலை நரைத்த டெக்னீஷியன் கண்ணாடியை இறக்கினார். "கீழ் வாசல் பெல் பலகையில உங்க பேரே இல்லையேம்மா. போன் பண்ணினேன், பிஸி."

"உங்க கம்பெனிகிட்டதான் பேசக் காத்துக்கிட்டு இருந்தேன்!"

"புகாரை மூடிட்டாங்க. இனிமே நான் ஒரு ஒயரைத் தொட முடியாது. கஸ்டமர் கேருக்கு..."

"அந்தப் பேரை மட்டும் சொல்லாதீங்க. எனக்கு ஒயரே வேணாம். உங்க போன்ல இருக்கற நெட்டை அஞ்சு நிமிஷம் குடுங்க. எங்கம்மா ஆஸ்பத்திரியில..." வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் இன்ஜினை அணைத்துவிட்டு, பக்கத்து சீட்டில் கிடந்த ஒயர்ச் சுருளை எடுத்துப் பின்னால் போட்டார்.

அம்மாவோடு பேச எனக்கு இரண்டு கையும் வேண்டும். அதனால் தன் நெட்டில் சேர்த்த என் போனை அவரே என் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். தம்பியின் முகம் வந்தது, பிறகு அம்மா. வலது கையில் கட்டு. பதினோரு நாள் கழித்து அவளைப் பார்க்கிறேன். அழுதால் பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஆரம்பித்தேன். இரண்டு விரலையும் எடுப்பார்கள், தூங்க வைத்துவிடுவார்கள், வலிக்காது, எடுக்காவிட்டால் கை போய்விடும்.

அம்மா இடது கையை ஆட்டி என்னை நிறுத்தினாள். "அதெல்லாம் தெரியும். உன் தம்பி கத்தரிக்கோலைக் காட்டினப்பவே புரிஞ்சுது. வெட்டட்டும்."

"பின்ன ஏன் கைநாட்டு வைக்கல?"

கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். "இது போச்சுன்னா உன்னை எப்படிக் கூப்பிடுறது? உன் பேர் இந்த ரெண்டு விரல்லதானே இருக்கு. உன்னைக் கேக்காம நானா மாத்த முடியுமா?"

அவள் இடது கையால் மோவாயைத் தொட்டுக் காட்டிவிட்டு, வேண்டாம் என்று தானே தலையசைத்தாள். பிறகு காதுமடலைப் பிடித்து இழுத்தாள். சின்ன வயதில் யாராவது கதவைத் தட்டினால், குக்கர் விசில் அடித்தால், அவளிடம் ஓடிப்போய்ச் சொன்னவள் நான்.

"நம்ம வீட்டுக்குக் காது நீதானே. இது புடிச்சிருக்கா?"

காலையிலிருந்து போனை அழுத்திச் சிவந்திருந்த என் காதைப் பிடித்து இழுத்துக் காட்டினேன். பிடித்திருக்கிறது.

அம்மா கைநாட்டு வைத்தாள். தள்ளுவண்டி நகர்ந்தது, தம்பி போனைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான். தியேட்டர் வாசலில் அவளுடைய வலது கை பழக்கத்தில் கன்னத்துக்குப் போய், பாதியில் நின்றது. இடது கை எழுந்து காதைப் பிடித்து இழுத்தது. கதவு மூடிக்கொண்டது.

"என்னம்மா சொன்னாங்க?" என்று கேட்டார் டெக்னீஷியன்.

"எனக்குப் பேர் மாத்திட்டாங்க."

"அப்படின்னா கம்பெனிக் கணக்குலயும் மாத்தணுமே. அதுக்கு நீங்க கஸ்டமர் கேருக்கு..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அழுதேன்.