பெரிய சகலையின் கொதிநிலை

பொறாமை வந்தால் பெரிய சகலையைச் சுற்றிக் கைக்கெட்டும் தூரத்திலிருக்கும் தண்ணீரெல்லாம் கொதிக்கும். அவர் வேலை பார்த்த நிறுவனத்தில் இது எல்லோருக்கும் தெரியும். டீசல் விலையைப் போல மாதம் ஒரு தடவை அதைப் பற்றிப் பேசிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பிறவியிலேயே வந்த குணமல்ல. நாற்பது வயது வரை அவர் பக்கத்தில் வைத்த தண்ணீர் மற்றவர்கள் பக்கத்தில் வைத்த தண்ணீரைப் போலத்தான் கிடந்தது. அப்புறம் மனைவியின் தங்கைக்குக் கல்யாணமானது. மாப்பிள்ளைக்கு நிலையான வேலை இல்லையே என்று மாமியார் கண்ணைக் கசக்க, மனசு கேட்காமல் தன் பிரிவிலேயே ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். தன் வீட்டுக் கீழ்த்தளத்தையும் குடியிருக்கக் கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை அவர் இரண்டு தவணையில் செய்தார்.

அவர்கள் பிரிவு லாரிகளுக்குக் கூலண்ட் டேங்க் வரைந்தது. எஞ்சின் சூடேறினால் அதைச் சுற்றி ஓடிக் குளிரவைக்கும் கூலண்ட் பெருகும். பெருகியது போய்த் தங்க ஓர் இடம் வேண்டும். எஞ்சின் ஆறியதும் அது திரும்பி வரவும் வேண்டும். அந்த இடம்தான் டேங்க். வெள்ளைப் பிளாஸ்டிக்கில் இரண்டு பாதியாக வார்த்து ஒட்டுவது, பக்கத்தில் அளவு காட்ட இரண்டு கோடு, தலையில் அழுத்தம் மிஞ்சினால் திறந்து மூடுகிற ஒரு மூடி. பார்க்கிறவனுக்கு எண்ணெய் கேன் மாதிரி இருக்கும். உள்ளே தடுப்புச் சுவர்கள் இருப்பதும், ஓடி வருகிற கூலண்ட் அங்கே நடை தளர்ந்து, கூட்டிவந்த காற்றுக் குமிழிகளை மேலே விட்டுவிட்டுத் தனியாகக் கீழே இறங்குவதும் வரைகிறவனுக்குத்தான் தெரியும். பெரிய சகலையின் டேங்குகள் உருண்டையாக, கனமாக, மேல்பாதி காலியாக இருக்கும். காலி இடத்தில் அவர் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை. பிரிவில் அவற்றைப் பூசணிக்காய் என்பார்கள், ஆனால் ஓடுகிற லாரிகளில் எல்லாம் அந்தப் பூசணிக்காய்தான் இருந்தது. சின்ன சகலை வந்த ஆறாம் மாதம் ஒரு டேங்க் வரைந்தான். பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவே, கை நுழையாத சந்தில், அது பூனைக்குட்டி போலச் சுருண்டு உட்கார்ந்தது. மேலாளர் அதைத் தூக்கிப் பார்த்து, "இதுதான்யா டேங்க்" என்றார். பெரிய சகலையின் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டில் அப்போதுதான் முதல் தடவை குமிழ் விட்டது. பக்கத்து மேஜைக்காரர் பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. பெரியவர் புதிதாக வரைந்த பூசணிக்காய் ஒன்றுகூடத் தேறவில்லை. சின்னவனுக்கோ தொட்டதெல்லாம் துலங்கியது. வீட்டிலும் அதே கதை. மூத்த மாப்பிள்ளை டீ கேட்டால் தலைவலி என்று படுத்துக்கொள்ளும் மாமியார், சின்ன மாப்பிள்ளை கேட்குமுன்பே எழுந்து உட்கார்ந்தார். அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரியவருக்கு இருந்தது ஒரே மகள். அவள் படி இறங்கிப் போய்ச் சித்தப்பாவோடு சைக்கிள் பழகுவதும், சிரிப்புச் சத்தம் மேலே வருவதும்தான் அவருக்குத் தாங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். செடி வெந்து போயிற்று. மனைவி வேறொரு செடியை வாங்கி வைத்து, இனிமேல் தானே ஊற்றிக்கொள்வதாகச் சொன்னாள்.

இதற்கிடையே சோதனை அறையின் ஹீட்டர் எரிந்து போனது. புதியது கேட்டு மேலே எழுதினார்கள், மேலே இருந்தவர்கள் அதைக் கிடப்பில் போட்டார்கள். மேலாளர் காரியவாதி. சோதனை மேடையில் டேங்கை மாட்டி, பக்கத்தில் நாற்காலி போட்டுப் பெரிய சகலையை உட்காரவைத்து, எதிரே நின்று சின்ன சகலையைப் புகழ ஆரம்பித்தார். வெப்பமானியின் முள் நூறைத் தாண்டியது. ஹீட்டரைவிட இது நிதானமாகவும் சீராகவும் ஏறுகிறது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நாளடைவில் அதற்கு ஒரு முறையே வகுத்துவிட்டார்கள்: முதலில் வடிவ நேர்த்தியைப் பாராட்டுவது, அடுத்து வயசுக்கு மீறிய அறிவு, உச்சச் சூடு வேண்டுமென்றால் மாமியார் பேச்சு. பெரிய சகலை முகத்தை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் வேலை என்று வந்துவிட்டால் என்ன செய்வது?

அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். புகழும்போது ஏறுகிற சூடு பெரிய சூடு இல்லை. புகழ்ந்து முடித்து, முள் இறங்க ஆரம்பித்து, டேங்க் தேறியது என்று கையெழுத்துப் போட்டு எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு, தனியாக உட்கார்ந்து சொன்னதையெல்லாம் மறுபடி நினைத்துப் பார்க்கும்போது ஏறுமே, அதுதான் சூடு. எஞ்சினும் அப்படித்தான். மேட்டில் பாரத்தோடு ஏறிவந்த லாரியை ஓட்டுநர் உச்சியில் நிறுத்தி, சாவியைத் திருகி எடுத்ததும் கூலண்டின் ஓட்டம் நின்றுவிடும், ஆனால் இரும்புக்குள் இருக்கும் சூடு நிற்காது. சின்னவனின் டேங்கில் அந்தக் கடைசிப் பெருக்கத்துக்கு இடமில்லை. லாரிகள் நின்ற இடத்தில் ஒட்டு பிரிந்து கூலண்ட் தரையில் ஓடியது. மேலாளர் ஒட்டைக் குறை சொன்னார், ரோட்டைக் குறை சொன்னார், ஓட்டுநரைக் குறை சொன்னார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். காரணம் தெரிந்தும் பெரிய சகலை வாயைத் திறக்கவில்லை. உடைந்த டேங்க் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தபோது, சொல்லப்போனால், அவருக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

தூக்கம் தெளிந்ததும் தானே ஒன்று வரைந்தார். பூனைக்குட்டி உட்கார்ந்த அதே சந்துக்கு ஒரு பூசணிக்காய். தன் கொதிப்பு முழுக்க எவ்வளவு இடம் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்ததால், அவ்வளவையும் காலியாக விட்டார். மேலாளர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு ஒரே ஒரு சோதனைக்கு ஒத்துக்கொண்டார். இதுவும் தேறாவிட்டால் பெரியவரை உதிரிபாகக் கிடங்குக்கு மாற்றுவதென்று முடிவாகியிருந்தது. அங்கே போனவர்கள் யாரும் பென்சிலைத் திரும்பத் தொட்டதில்லை.

சோதனையன்று லாரி தயாரிக்கும் கம்பெனிக்காரர்கள் ஒரு பரிசோதகியை அனுப்பியிருந்தார்கள். டேங்கை மாட்டி, பெரியவரை உட்காரவைத்து, மேலாளர் தொடங்கினார். வடிவ நேர்த்தி, அறிவு, மாமியார் எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். எத்தனையோ வருஷம் கழித்துத் தன் டேங்கின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு எங்கிருந்து பொறாமை வரும்? காலையிலிருந்தே அவர் சந்தோஷமாக இருந்தார். முள் அசையவில்லை. அவரும் முயன்று பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு, செத்துப்போன செடியை நினைத்தார், சிரிப்புதான் வந்தது. பரிசோதகி கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சூடாகாத டேங்கை ஏற்க முடியாது என்று பையை எடுத்தாள்.

அப்போது மூலையில் நின்றிருந்த சின்ன சகலை முன்னால் வந்தான். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே, நேத்து பாப்பா என்னை அப்பான்னு கூப்பிட்டா."

முள் எழுந்தது. நூறைத் தாண்டி, மாமியாரின் உச்சத்தைத் தாண்டி, அறையில் யாரும் பார்த்திராத இடத்தில் போய் நின்றது. பரிசோதகியின் கைப்பைக்குள் ஏதோ பொங்கியது. பிறகு முள் மெல்ல இறங்கியது. மேலாளர் பெருமூச்சு விட்டுப் பேனாவைத் திறந்தார். நெற்றி நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்த பெரிய சகலை கையை உயர்த்தித் தடுத்தார்.

"இருங்க. இனிமேதான் ஏறும்."

ஏறியது. டேங்கின் காலி இடம் கொஞ்சம் கொஞ்சமாக நிறைந்தது. ஒட்டு முனகியது, ஆனால் விடவில்லை. மூடி ஒரு தடவை உஸ்ஸென்று திறந்து, மூடிக்கொண்டது. ஒரு சொட்டுகூடக் கீழே விழவில்லை. பரிசோதகி கையெழுத்துப் போட்டாள், மேலாளர் கைகொடுத்தார், சூடு பொறுக்காமல் உடனே கையை இழுத்துக்கொண்டார். அந்த டேங்க்தான் இன்றைக்கும் எல்லா லாரியிலும் இருக்கிறது.

பெரிய சகலைக்கு அதில் ஒரு இம்மி சந்தோஷம் இல்லை. சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகளிடம் கேட்டார், கூப்பிட்டாயா என்று.

"மாத்திச் சொல்லிட்டேன்ப்பா. சைக்கிள்லேர்ந்து விழப்போனேனா, பயத்துல அப்பான்னு கத்திட்டேன். சித்தப்பாதான் பிடிச்சாரு. அப்பா ஆபீஸ்ல இருக்காரு, வந்துருவாருன்னு சொன்னாரு. அப்புறம் பாத்ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. கதவுக்கு அடியில ஆவி ஆவியா வந்துச்சு."

பெரிய சகலை படி இறங்கினார். கீழ்வீட்டுச் சமையலறையில் சின்னவன் ஒரு பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தான். அடுப்பு எரியவில்லை, தண்ணீர் தளதளத்துக்கொண்டிருந்தது. அவரைக் கண்டதும் மறைக்கப் பார்த்தான், மறைக்க இடமில்லை.

"எத்தனை நாளா?"

"ரொம்ப வருஷமாண்ணே. ஆபீஸ்ல யாரு என்ன சொன்னாலும் எனக்கு ஒண்ணும் ஆகாது. சாயங்காலம் எனக்கப்புறம் நீங்க வந்து கேட்டைத் திறந்ததும் என் கையை உதறிட்டு ஓடுவா பாருங்க, அப்பத்தான்."

பெரியவருக்கு வெட்கமில்லாமல் சந்தோஷம் வந்தது. மகள் ஓடிவருவதை இத்தனை நாள் அவர் கவனித்ததே இல்லை. கூடவே, கொதிப்பாவது தனக்கென்று இருந்தது, அதையும் இவன் பங்கு போட்டுக்கொண்டானே என்று இன்னொரு எரிச்சலும் எட்டிப்பார்த்தது. ஆனால் பாத்திரத்தின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார். மேலேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: மேலேயும் கீழேயும் கேஸ் தீர்ந்துவிட்டது, அக்கா தங்கை இரண்டு பேருக்கும் தலைவலி, கீழே டீ போடுவதானால் தங்களுக்கும் சேர்த்துப் போடுங்கள். டீத்தூள் டப்பாவை எடுத்துத் திறப்பதற்குள் தண்ணீர் ஆற ஆரம்பித்துவிட்டது. குமிழ்கள் அடங்கின. இரண்டு பேரும் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார்கள்.

"சரி, சொல்லு தம்பி" என்றார் பெரிய சகலை. "பாப்பா உன்கூட வேற என்னல்லாம் பேசுவா?"

சின்னவன் தயங்கி, பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னான். தண்ணீர் கொதித்ததும் பெரியவர் டீத்தூளைப் போட்டார்.