தெய்வநாயகியின் பச்சை வாளி

மத்தியானமானால் தெய்வநாயகி வாளித் தண்ணீரில் இரண்டு பாதத்தையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பச்சை வாளி, காது உடைந்தது. நெசவாளர் தெருவில் அதை அறியாதவர் இல்லை. எதிர்வீட்டுச் செல்லம்மாள் அதற்கு 'மகாராணி குளியல்' என்று பெயரே வைத்துவிட்டாள். பாதம் எரிகிறதாம். பார்த்தால் புண்ணில்லை, வீக்கமில்லை, ஒரு சிவப்புகூட இல்லை. தறியில் உட்காராமலிருக்கப் போடும் வேஷம் என்பது தெருவின் முடிவு. புருஷன் தனகோடி வாய்விட்டு அப்படிச் சொன்னதில்லை. இல்லையென்றும் சொன்னதில்லை.

வேலூர் ஆஸ்பத்திரியில் அவள் காலில் ஒயர் ஒட்டிக் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள். கால் துள்ளியது, திரையில் கோடும் துள்ளியது. "எல்லாம் நார்மல்" என்றார் மெஷின்காரர். தனகோடிக்கு டாக்டரைப் பார்க்கும்வரை பொறுக்கவில்லை. எதிரிலிருந்த பூத்துக்கு ஓடினான். தெருவில் போன் இருந்தது செல்லம்மாள் வீட்டில்தான்.

"நரம்பெல்லாம் நல்லா கீதாம்க்கா. அம்மாகிட்ட சொல்லிடு."

அம்மாவிடம் மட்டும் சொல்ல செல்லம்மாளுக்கென்ன தலையெழுத்தா?

டாக்டர் சூர்யகலா, தெய்வநாயகியைக் கண்ணை மூடச் சொல்லிப் பாதத்தில் பஞ்சால் தொட்டார்.

"தொடறீங்க."

அடுத்து ஊசிமுனையை அழுத்தினார்.

"தொடறீங்க."

தனகோடி ஊசியையே பார்த்தான். அது குழி பதிய நின்றிருந்தது.

"தொடறதச் சொல்ற நரம்பு தடிமன்" என்றார் டாக்டர். "அதுல கரண்ட் வேகமாப் போவும், மெஷின் புடிச்சிடும். வலி, சூடு சொல்ற நரம்பு ரொம்ப மெல்லிசு. கரண்ட்டு மெதுவா, துளியூண்டு போவும். இந்த மெஷினுக்கு அது தெரியாது. இவங்களுக்குக் கெட்டுப்போனது அதுதான். குத்துனா சொல்லாது, சும்மா இருக்கறப்ப எரியுது எரியுதுன்னு கத்திகினு இருக்கும்."

தெய்வநாயகி டாக்டரை விட்டுவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"நெசமா எரியுதுன்றாங்களா?"

அவன் தலையாட்டினான்.

திரும்பும் பஸ்ஸில் அவள் ஒன்றுதான் கேட்டாள். "அவ்ளோ ஜல்தியா யாருக்குப் போன் போட்டீங்க?"



தெருக்குழாயில் குடங்கள் வரிசையில் நின்றன. தெய்வநாயகி யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள்.

"இன்னா தனகோடி, எல்லாம் நார்மலாமே" என்றாள் செல்லம்மாள். "நாளைக்குத் தறி ஓடுமா, மகாராணிக்கு இன்னும் குளியல் கீதா?"

தனகோடி உள்ளே போய்ப் பச்சை வாளியோடு வந்தான். கல்யாணமான நாளாய்க் குழாயடிக்கு வராத மனுஷன்.

"கொஞ்சம் நவுருக்கா."

"யாருக்குடா தண்ணி?"

"அவளுக்குத்தான். எரியுது."

நடுத்தெருவில் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். தளும்பிய தண்ணீர் வேட்டியை நனைத்து, வீட்டு வாசல்வரை ஈரக்கோடு போட்டது. குழாயடியில் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.