சாந்தாமணி அம்மாவுக்குக் கொடுத்த வசனம்

கோயமுத்தூர் சரவணம்பட்டியில் நல்ல சினிமாவைக் காப்பாற்றும் பொறுப்பு மனோஜ்குமாரிடம் இருந்தது. யாரும் கொடுத்ததல்ல, அவராக எடுத்துக்கொண்டது. பல்லடத்தில் இருந்த குடும்பத்துக் கோழிப்பண்ணைகளை அண்ணன் பார்த்துக்கொண்டார். உலக சினிமாவை இவர் பார்த்துக்கொண்டார்.

அவர் நடத்தும் ஞாயிறு திரை வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. படம் போட்டு, பேசி, கலைந்த பிறகு, அவரவர் வாட்ஸப் குழுவில் ‘இந்த வாரம் பார்த்தவை’ என்று எழுத வேண்டும். மனோஜ்குமார் அயல்நாட்டுப் படத்துக்கு இரண்டு பக்கம் எழுதுவார். நம்மூர் மசாலா படத்துக்கு ஒரே வரி: ‘நண்பர்கள் வற்புறுத்தியதால் பார்க்க நேர்ந்தது.’ அந்த நண்பர்கள் அவரை எந்த அளவுக்குக் கொடுமைப்படுத்துகிறார்கள் என்பது வட்டத்தில் ஒருத்தியான மெர்சிக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை முதல் காட்சியில் அவர் நாற்காலி மேல் ஏறி, தலையெல்லாம் காகிதத் துணுக்கோடு விசிலடித்ததை அவளே பார்த்திருக்கிறாள். இரண்டு வரிசை தள்ளி அவளும் விசிலடித்துக்கொண்டுதான் இருந்தாள்.

மெர்சிக்கு இதில் வெட்கம் கிடையாது. ஐ.டி. கம்பெனியில் வேலை. வெள்ளிக்கிழமை சண்டைப் படம், ஞாயிற்றுக்கிழமை சப்டைட்டில் படம். இரண்டையும் ஒரே நீளத்துக்கு எழுதுவாள். குழுவில் அவள் எழுத்துக்கு முதல் கைதட்டல் எப்போதும் மனோஜ்குமாருடையதுதான்.

அந்த மே மாதம் அவளுக்குப் படத்தைவிட அவசரமாக ஒரு வீடு தேவைப்பட்டது. குடியிருந்த வீட்டுக்காரர் மகளுக்குக் கல்யாணம் வைத்துவிட்டு, பள்ளி திறப்பதற்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். குழந்தையின் பள்ளி பக்கத்திலேயே இருந்ததால் மெர்சியும் கணவன் கௌதமனும் அதே வட்டாரத்தில் தேடினார்கள். போனில் பேசும்போது எல்லா வீடும் காலியாக இருக்கும். நேரில் போய், பெயர் சொல்லி, சொந்த ஊர் சொல்லி, அப்பா என்ன செய்தார் என்று சொல்லி முடிப்பதற்குள் அந்த வீட்டை வீட்டுக்காரரின் மச்சான் கேட்டிருப்பார். முகத்துக்கு நேராக ‘இல்லை’ என்று யாரும் சொல்லவில்லை. மச்சான் கதைக்கும் ஒரு ‘ங்க’ போட்டு, காப்பி கொடுத்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். கோயமுத்தூரில் இத்தனை மச்சான்கள் வீடில்லாமல் தவிப்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்த ஞாயிறு வட்டத்தில் போட்ட படம், பனி கொட்டும் ஏதோ ஒரு நாட்டில் வாடகை வீடு தேடி அலையும் அகதிக் குடும்பத்தைப் பற்றியது. முடிந்ததும் மனோஜ்குமார் பேச எழுந்தார். பேச முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு கதவு… ஒரே ஒரு கதவு தொறந்திருந்தாப் போதுங்களே…” என்று சொல்லிக் குமுறிக் குமுறி அழுதார். நாலு பேர் தண்ணீர் கொடுத்தார்கள்.

இத்தனை அழுகிற மனிதரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? அவர் வீட்டு மாடி காலியாக இருப்பது அவளுக்குத் தெரியும். கேட்டாள்.

“அட, இதுக்கா தயங்குனீங்க? மேல் ஊடு சும்மாதானுங்க கெடக்குது. நீங்க வந்தா எனக்குப் பெருமைங்க” என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, “எதுக்கும் அம்மாவ ஒருக்காப் பாத்துப்போடுங்க. எல்லாம் அவங்க முடிவுதானுங்க” என்றார்.

சனிக்கிழமை மெர்சி போனாள். மனோஜ்குமார் வீட்டில் இல்லை. அவருடைய அம்மா சாந்தாமணி மட்டும் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உபசரிப்பு. மாடியைத் தானே மூச்சு வாங்க ஏறிக் காட்டினார், தண்ணீர் வரும் நாளைச் சொன்னார், காப்பி போட்டுக் கொடுத்தார். மெர்சி மனதுக்குள் திரைச்சீலைகூட மாட்டிவிட்டாள். அப்போதுதான் கேட்டார்.

“ஏனுங்க அம்மணி, நீங்க என்ன கூட்டமுங்க?”

இந்தப் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். தோட்டம் காடு வைத்திருக்கும் குடும்பங்களுக்குக் கூட்டம் என்ற குலப்பிரிவு உண்டு, அதற்கு ஒரு பெயர் உண்டு. பெயர் சொன்னால் சொந்தம். சொல்லாவிட்டால் மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

“நாங்க கிறிஸ்டியனுங்க.”

“அதுக்கு முன்னாலைங்க?”

சுற்றி வளைக்க மெர்சி விரும்பவில்லை. “எங்க தாத்தன் காங்கேயத்துப் பக்கம் ஒரு தோட்டத்துல பண்ணையாளா இருந்தவருங்க” என்றாள்.

“அப்புடிங்களா” என்ற சாந்தாமணியின் கண் சீரியலுக்குப் போய்விட்டது. அங்கே ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள். “எனக்கென்னுங்க அம்மணி, பேச்சுத் தொணைக்கு ஒரு ஆளு இருந்தாப் போதும். எம் பையன்தான் கேட்டுப்போடச் சொன்னான். ‘நாங் கேட்டா நல்லா இருக்காதும்மா, வட்டத்துல பேச்சாயிரும். நீங்க கேட்டா வயசானவங்கன்னு உட்டுருவாங்க’ன்னான். காப்பிக்குச் சக்கர போதுமுங்களா?”

போதும் என்றாள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்பார்கள். இங்கே இடிக்கிற கடப்பாரையைக்கூட அம்மா கையில் கொடுத்துவிட்டு மகன் படம் பார்க்கப் போயிருந்தார். மசாலா படத்தில் வில்லன் வந்தால் பின்னணி இசையே காட்டிக்கொடுத்துவிடும். கலைப்படத்தில்தான் கடைசி வரை உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் போன் வந்தது. மனோஜ்குமார்தான்.

“மெர்சி, என்னத்தச் சொல்றதுங்க… அம்மா பழைய காலத்து மனுசிங்க. நானும் எவ்வளவோ சண்ட போட்டுப் பாத்துட்டேன், கேக்கவே மாட்டீங்கறாங்க. எனக்கு ராத்திரிச் சோறே எறங்கலைங்க.”

“உங்கம்மா மேல பழியப் போடாதீங்க” என்றாள் மெர்சி. “நீங்க குடுத்த வசனத்த அவங்க அப்புடியே பேசிட்டாங்க. எழுதிக் குடுத்தது ஆருன்னும் சொல்லிப்போட்டாங்க.”

படத்தில் இப்படி ஒரு கட்டம் வந்தால் மனோஜ்குமார் அரைமணி நேரம் விளக்குவார். இதற்கு ஒரே வரிதான். “இத வட்டத்துல சொல்லீராதீங்க” என்றார். மன்னிப்பு என்றோ, வீடு என்றோ ஒரு வார்த்தை வரவில்லை.

மெர்சிக்கு அழுகை வந்தது. வீடு போனதற்கு அல்ல. இந்த ஆளின் கைதட்டலுக்காக எத்தனை ஞாயிறு பார்த்துப் பார்த்து எழுதியிருக்கிறோம் என்று நினைத்ததில் வந்தது. அன்று அவள் வட்டத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் ‘இந்த வாரம் பார்த்தவை’யில் சண்டைப் படத்தைப் பற்றி எழுதிவிட்டு, அதன் கீழே சனிக்கிழமை பார்த்ததையும் கேட்டதையும் பெயரோடு, ஒன்று விடாமல் எழுதினாள்.

எப்போதும் அவள் எழுதிய உடனே கொட்டும் இதயங்கள் ஒன்றும் விழவில்லை. வெகுநேரம் கழித்து ஒருவர் எழுதினார்: ‘மேடம், இது சினிமாக் குழுங்க. தனிப்பட்ட விஷயம் வேண்டாமுங்களே.’ அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. இன்னொருவர், ‘வயதானவங்களை இழுத்திருக்க வேண்டாம்’ என்று வருத்தப்பட்டார். வீடு கிடைத்ததா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மனோஜ்குமாரின் அறிவிப்பு வந்தது. அவள் எழுதியதைக் கண்ணில் படாததுபோல் தாண்டிக்கொண்டு வந்தது. அடுத்த ஞாயிறு, மனசாட்சியைப் பற்றிய அரிய படம். படம் முடிந்ததும் அவரே பேசுகிறார். வருகிறவர்கள் தெரிவிக்கவும்.

“குழுவ உட்டு வெளிய வந்துரு” என்றான் கௌதமன். அவன் வேறொரு வீட்டுக்காரரிடம் பேச நம்பரைத் தேடிக்கொண்டிருந்தான்.

மெர்சி போனை எடுத்துப் பதில் எழுதினாள்: ‘கட்டாயம் வாரேனுங்க. முன்வரிசையிலேயே உக்காந்துக்கறேன். படத்தைப் பார்க்க அல்ல, பேசும்போது உங்களைப் பார்க்க.’