நான்காவது சீட்டு

தோஹாவில் எட்டு வருடம் வாங்கிச் சேர்த்து, விளையாட நேரமில்லாமல் போன வீடியோ கேம்களை ரெமிஜியஸ் குடவாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். ஐந்தரை மாதத்தில் பதினொன்றை முடித்தான். எதுவும் பிடிக்கவில்லை, பிடிக்காமலும் இல்லை. இன்னும் மூன்று மிச்சம்.

திரும்பிப் போகாமல் ஊரில் ஆறு மாதம் ஆனால் கத்தார் விசா போய்விடும். அதற்கு ஒன்பது நாள் இருந்தது.

அந்த வீட்டில் சம்பாவுக்கு நடவா, நேரடி விதைப்பா என்பதைக்கூட மாதா படத்தின் முன் சீட்டுப் போட்டுத்தான் முடிவு செய்வார்கள். அடுத்து எந்த கேம் என்று பார்க்க அவன் மூன்று சீட்டு எழுதி வைத்தான். மனைவி ரோஸ்லின் நான்காவதைப் போட்டாள்.

“என்ன எழுதின?”

“தோஹான்னு. வந்தா டிக்கெட் போடுங்க. வரலன்னா இனிமே நான் கேக்க மாட்டேன்.”

அவள் சீட்டு மட்டும் தினசரி காலண்டர் தாள். கண்ணை மூடியிருந்தும் அதன் மெலிசு விரலுக்குத் தெரிந்தது. அதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்ததை எடுத்தான்.

ரோஸ்லின் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது மாதா எடுத்துக் குடுத்தது இல்லங்க. நீங்களா எடுத்தது.”

“ஆமா,” என்றான்.

கேமை ஏற்றினான். நாற்பது நிமிடம் ஆகும் என்று திரையில் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.